கடைக்கு எதிர்வீடு

தலைநகரில் குடியேறிய நாள் முதலாக எங்கள் அன்னையாருக்கு நாங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் முகவரி ஒன்றுதான். முதலில் அவர் பெயர். அதன் கீழ், “மளிகைக் கடைக்கு எதிர்வீடு”. அதற்கும் கீழ், “நீடாமங்கலம், தஞ்சை மாவட்டம்”. 1997ஆம் ஆண்டு திருவாரூர் தனி மாவட்டமானபோது கடைசி வரியை மட்டும் மாற்றிக்கொண்டோம். வீட்டிற்குக் கதவு எண் ஒன்று உண்டு. வரி கட்டும் சீட்டில் அது இருக்கும். அதை நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. தபால்காரரும் அதைக் கேட்டதில்லை. கடை இருந்தது, கடைக்கு எதிரில் வீடு இருந்தது. அதற்கு மேல் ஓர் அடையாளம் எதற்கு?

இன்று அந்த வீடு இருக்கிறது. கடை இல்லை. இப்பொழுது ஒருவர் எங்கள் வீட்டிற்கு வழி கேட்டால் என்னவென்று சொல்வது என்று ஒரு நாள் யோசித்தோம். அந்த யோசனையே இக்கட்டுரைக்கு வித்து.

நீடாமங்கலத்தை இம்மலர் படிக்கும் அன்பர்களுள் பலர் இரயிலின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். தஞ்சையிலிருந்து திருவாரூர் செல்லும் இருப்புப்பாதையில் அஃது ஒரு சந்திப்பு நிலையம். மன்னார்குடிக்குச் செல்லும் கிளைப் பாதை அங்கேதான் பிரிகிறது. சாலை வழியாகச் சென்றவர்கள் இரயில்வே கேட்டில் காத்துக் கிடந்ததை மறந்திருக்கமாட்டார்கள். ஊருக்கு அண்மையில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று அவை தனித்தனியே வழி பார்த்துக்கொண்டு போகின்றன. அந்த இடத்திற்கு மூணாறு தலைப்பு என்று பெயர். மேட்டூரில் ஜூன் 12ஆம் நாள் அணை திறந்தால், சில நாட்களில் தண்ணீர் தலைப்பை எட்டும். தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வரச் சிறுவர்களாகிய எங்களை மிதிவண்டியில் அனுப்புவார்கள். நாங்கள் திரும்பி வந்து முதலில் செய்தி சொல்லும் இடம் வீடு அன்று. எதிரிலிருந்த மளிகைக் கடைதான். ஏனெனில் தண்ணீர் வந்த செய்தியில் எங்கள் தந்தையாருக்கு இருந்த அக்கறை, கடைக்காரராகிய செட்டியாருக்கும் குறையாமல் இருந்தது. உழவனுக்குத் தண்ணீர் வந்தால் ஐப்பசியில் குறுவை, தையில் சம்பா, மாசியில் தாளடி. செட்டியாருக்கோ அந்த மூன்று அறுவடையும் மூன்று வசூல்.

கடைத்தெரு முழுவதுமே அப்படித்தான் இருந்தது. வயலில் என்ன நடக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் தெருவில் ஓசை எழும். உழவு தொடங்கும் முன்பு கொல்லுப் பட்டறையில் கொழு அடிக்கும் சத்தம்; பட்டறைக்கு வெளியே மாட்டைக் கிடத்தி லாடம் கட்டுவார்கள். நடவு தொடங்கினால் வெற்றிலைக் கடையில் கூட்டம் நெரியும். வெற்றிலை பாக்குப் புகையிலை இல்லாமல் நடவாட்கள் வயலில் இறங்கமாட்டார்கள். அறுவடைக்கு முன்பு கருக்கரிவாள், முறம், கூடை, சாக்கு, கயிறு. அறுவடை முடிந்துவிட்டால் ராவுத்தர் ஜவுளிக் கடை. அதன் பின் பாத்திரக் கடை. பாத்திரக் கடையின் வாசலில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் ஒருவர் துருத்தி ஊதிக்கொண்டு அமர்ந்திருப்பார். கறுத்துக் கிடந்த பாத்திரத்தின் உட்புறத்தில் அவர் பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றியதும் வெள்ளி போல ஒளி பிறக்கும். அதைப் பார்க்கப் பள்ளி விட்டதும் ஓடுவோம். நாட்டு மருந்துக் கடை, காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை, மணிக்கணக்கில் மிதிவண்டி வாடகைக்கு விடும் கடை, எண்ணெய்ச் செக்கு, நெல் மண்டி என்று இரயிலடி முதல் சந்தானராமர் கோயில் செல்லும் வழி வரை எங்களால் இன்றும் வரிசை பிசகாமல் ஒப்பிக்க முடியும்.

செட்டியார் கடையில் கல்லாப் பெட்டிக்கு மேலே மரப்பலகையில் கணக்கு நோட்டுகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு நோட்டு. எங்கள் வீட்டில் ஒரு நோட்டு. அவரிடம் ஒரு நோட்டு. வாங்கும் சாமான் இரண்டிலும் ஏறும். அரசாங்கம் கிலோகிராமும் லிட்டரும் கொண்டுவந்த பிறகும் நெடுநாள் வரை அவர் வாயில் வீசையும் பலமும்தான் வரும். கை மட்டும் கிராமில் எழுதும். அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் வந்ததும் தந்தையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து செல்வார். கணக்கு நேராகும். நேரான நாளில் செட்டியார் எங்கள் கையில் ஆளுக்கொரு கற்கண்டு வைப்பார். விளைச்சல் பொய்த்த ஆண்டில் கணக்கு நேராகாது. அப்போதும் கற்கண்டு உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. பிறந்த ஊரைத் தொலைவிலிருந்து நினைக்கிறவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. வெயிலை மறந்துவிட்டு நிழலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கடைத்தெரு எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு நோட்டு இருந்தது. கூலி வேலை செய்தவர்களுக்கு நோட்டு இல்லை. அவர்கள் அறுப்புக் கூலியாகப் பெற்ற நெல்லை முந்தானையிலும் கூடையிலும் கொண்டுவந்து அளந்து கொட்டுவார்கள். பதிலுக்கு மிளகாயும் புளியும் உப்பும் கருவாடும் வாங்கிப் போவார்கள். நெல்லுக்கு அன்றைக்கு என்ன விலை என்பதைக் கடைக்காரர்தாம் சொல்வார். சேரியிலிருந்து வந்த பெண்கள் படியேறமாட்டார்கள். சாமான் பொட்டலம் அவர்கள் கைக்குக் கொடுக்கப்படாது. படியில் வைக்கப்படும், அல்லது மேலிருந்து விடப்படும். தேநீர்க் கடையில் அவர்களுக்கென்று தனிக் குவளை. 1937ஆம் ஆண்டு இதே ஊரில் ஓர் அரசியல் மாநாட்டு விருந்தில் மற்றவர்களோடு அமர்ந்து உண்டார்கள் என்பதற்காக ஆதிதிராவிட மக்கள் அடிக்கப்பட்டு, மொட்டையடிக்கப்பட்ட கொடுமை வரலாற்றில் பதிந்திருக்கிறது. நாங்கள் பிறப்பதற்கு முந்திய செய்தி அது. ஆனால் பொட்டலம் மேலிருந்து விழும் காட்சியை எங்கள் கண்களால் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டுக் கற்கண்டையும் வாங்கிச் சுவைத்திருக்கிறோம்.

ஊரில் பல்பொருள் அங்காடி ஒன்று திறந்த புதிதில், எங்கள் வயலில் நெடுங்காலம் நடவு செய்த மூதாட்டி ஒருவரைக் கடைத்தெருவில் கண்டோம். கையில் அந்த அங்காடியின் பை இருந்தது. “செட்டியார் கடைக்குப் போகவில்லையா?” என்று கேட்டோம். “அங்கே அவங்க எடுத்துக் குடுக்கணும். இங்கே நானே என் கையால எடுத்துக்கிறேன்” என்றார். அந்த ஒரு விடைக்கு எதிராக எங்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பழைய கடைகளின் மறைவுக்காக வருந்தும் போதெல்லாம் அந்த அம்மையாரின் சொல்லை அருகில் வைத்துக்கொண்டுதான் வருந்த வேண்டும் என்று அன்றே உறுதி செய்துகொண்டோம்.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

நாங்கள் டில்லிக்குப் புறப்பட்டது 1974இல். சென்னை சென்று கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி ஏறவேண்டும். வழியில் இரண்டு இரவுகள். அப்போது செட்டியார் கட்டிக்கொடுத்த பொட்டலங்களில் அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் மட்டுமன்றிச் சிறிய புளி உருண்டையும் இருந்தது. “அந்தப் பக்கத்துப் புளி நம்ம ரசத்துக்கு ஆகாது தம்பி” என்றார். வடக்கே அவர் ஒருநாளும் சென்றவர் அல்லர். ஆயினும் அவர் சொன்னது எத்துணை உண்மை என்பதைக் கரோல்பாகில் ஒற்றை அறையில் குடித்தனம் தொடங்கிய முதல் வாரத்திலேயே உணர்ந்தோம். அந்தப் பொட்டலங்களுக்கான விலை தந்தையாரின் நோட்டில் ஏறவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

தந்தையார் 1983இல் மறைந்தார். உடன்பிறந்தவர்களும் திசைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். அன்னையார் எங்களோடு வர மறுத்துவிட்டார். வந்து மூன்று திங்கள் இருந்து பார்த்தார். குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை, மொழியும் ஒத்துக்கொள்ளவில்லை. “வாசலில் உட்கார்ந்தால் மனித முகம் தெரியவேண்டும்” என்று சொல்லித் திரும்பிவிட்டார். இம்மலரைக் கையிலேந்தும் குடும்பங்களில் எத்தனை குடும்பங்களில் இதே பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அன்று ஊரில் தொலைபேசி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். செட்டியார் கடையில் ஒன்று இருந்தது. எங்கள் நாட்குறிப்பில் அன்னையாரின் பெயருக்கு எதிரே அந்த எண்ணை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று குறித்து வைத்திருந்தோம். வெளியூரில் வேலை பார்த்த ஒரு தலைமுறைக்கே அந்த இரண்டெழுத்தின் அருமை தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போம். இணைப்புக் கிடைத்ததும், அப்போது கடைப் பொறுப்புக்கு வந்துவிட்ட செட்டியாரின் மகன் எடுப்பார். எங்களைவிட இரண்டொரு வயது மூத்தவர். அண்ணன் என்று அழைப்போம். “பையன் பெரியம்மாவைக் கூப்பிட ஓடியிருக்கிறான், வைத்துவிடாதீர்கள்” என்பார். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் அன்னையார் தெருவைக் கடப்பதிலேயே கழியும். அந்த ஒரு நிமிடத்தில் அண்ணன் ஊர்ச் செய்தி முழுவதையும் சொல்லிவிடுவார்: ஆற்றில் தண்ணீர், யார் வீட்டில் திருமணம், அன்னையாரின் முழங்கால் வலி. அன்னையார் வந்ததும் “நான் நன்றாயிருக்கிறேன்” என்று மட்டும் சொல்வார். உண்மையான உடல்நிலையை நாங்கள் அறிந்தது அந்த முதல் நிமிடத்தில்தான்.

கல்லாவில் அமர்ந்தால் எங்கள் வாசல் நேர் எதிரே தெரியும். காலை ஏழு மணிக்குள் வாசலில் கோலம் விழுந்திருக்கும். விழவில்லை என்றால் அண்ணன் பையனை அனுப்புவார். இப்படி ஓர் ஏற்பாடு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. யாரும் பேசி வைத்த ஏற்பாடும் அன்று. 2009இல் ஒரு மார்கழி விடியலில் அன்னையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். மார்கழியில் கோலம் இல்லாத வாசலைக் கண்டு பின்கட்டு வழியே ஓடி வந்து தூக்கியவர்கள் கடைக்காரர்கள். நாங்கள் வானூர்தி பிடித்து வந்து சேர்ந்தபோது கால் எலும்பிற்குக் கட்டுப் போட்டு, அவர் படுக்கையில் அமர்ந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தார்.

அத்தகைய கடைக்கு நாங்கள் என்ன செய்தோம்?

1992இல் எங்கள் தங்கையின் திருமணம். செலவைச் சுருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டோம். கும்பகோணத்தில் மொத்த வியாபாரியிடம் வாங்கினால் மூட்டைக்கு இத்தனை ரூபாய் மிச்சமாகும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். தலைநகரில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த எங்கள் புத்திக்கு அது சரியென்று பட்டது. பருப்பும் சர்க்கரையும் எண்ணெய் டின்களும் ஏற்றிய வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. எங்கள் வாசல் என்றால் அவர் கடை வாசல். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் மூட்டைகளை எண்ணுவது போல நின்றோம். சற்று நேரத்தில் கடைப் பையன்கள் இருவர் வந்து மூட்டைகளைத் தோளில் ஏற்றத் தொடங்கினார்கள். அண்ணன் அனுப்பியிருந்தார். திருமணத்திற்கு முதல் நாள் நள்ளிரவில் வெல்லம் போதவில்லை என்று சமையற்காரர் சொன்னபோது, பூட்டிய கதவைத் தட்டி எழுப்பியதும் அவரைத்தான். எழுந்து வந்து நிறுத்துக் கொடுத்தார். ஒரு சொல் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் இன்று இதை எழுதவேண்டிய தேவை இருந்திராது.

1996இல் அன்னையாருக்கு வீட்டிலேயே தொலைபேசி வைத்துக்கொடுத்தோம். பெருமையாக இருந்தது. அத்தோடு அந்த முதல் நிமிடம் போயிற்று. ஊருக்குச் செல்லும் போதெல்லாம் தஞ்சையில் காரை நிறுத்தி, மாதத்திற்கு வேண்டிய சாமான்களை வாங்கிச் சென்று அடுக்கினோம். பின்னர் செல்பேசியில் விரலால் தொட்டால் சாமான் வீட்டுக்கு வரும் காலம் வந்தது. தலைநகரில் அமர்ந்தவாறே பருப்பும் சோப்பும் ஊருக்கு அனுப்பினோம். எங்களைப் போலவே சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்த ஊர்ப்பிள்ளைகள் எல்லாரும் செய்தார்கள். நிலத்தில் ஒரு பகுதியை 2004இல் விற்றோம். விற்ற பணம் நீடாமங்கலத்தில் தங்கவில்லை. தலைநகரில் அடுக்குமாடி வீட்டின் இரண்டு அறைகளாக மாறியது.

கடைகள் மறைந்ததற்குக் காரணம் கேட்டால் ஊரில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வர். அவை எல்லாமே ஓரளவு உண்மை. முதலாவது தண்ணீர். காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைந்தது. அதன் இறுதித் தீர்ப்பு 2007இல் வந்தது. உச்ச நீதிமன்றத்தின் முடிவு 2018இல் வந்தது. இதற்கிடையே நாற்றங்கால்கள் காத்துக்கொண்டிருந்தன. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. 2012இல் திறந்ததே செப்டம்பரில்தான். குறுவை போனால் கடைத்தெருவில் ஒரு வசூல் போயிற்று என்று பொருள்.

இரண்டாவது, நெல்லின் நடை மாறியது. அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பெருகின, அது நன்மையே. நெல் மண்டிகள் ஓய்ந்தன. இன்று எங்கள் ஊர் நிலையத்திலிருந்து ஆயிரக்கணக்கான டன் நெல் சரக்கு வண்டிகளில் அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குச் செல்கிறது. அது செல்லும் வழியில் கடைத்தெரு இல்லை. அறுவடை எந்திரம் வந்தபின் பத்துப் பேர் நாள் முழுதும் அறுத்த வயல் சில நாழிகையில் வெறுமையாகிறது. கூலி நெல் என்ற ஒன்றே இல்லாமற் போயிற்று. உழவு மாடு இல்லை. ஆகவே லாடம் இல்லை. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் வந்ததும் ஈயம் பூசுபவருக்கு வேலை இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருசக்கர வண்டி நின்றதும் வாடகை மிதிவண்டிக் கடை மூடியது. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைத்தது. ஏழையின் அடுப்பு அணையாதிருக்க அது செய்த பேருதவியை யாரும் மறுக்க இயலாது. ஆனால் அரிசிக்காகக் கடைப்படி ஏறியவர்கள் வாங்கிச் சென்ற மற்றப் பொருள்களும் அத்தோடு குறைந்தன.

மூன்றாவது, பணத்தின் நடை மாறியது. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, கடனுக்குக் கொடுத்து வாங்கும் கடைக்காரர் கையில்தான் செல்லாத நோட்டும் வராத பாக்கியும் ஒருசேரத் தங்கின. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தது. கல்லாவில் பேரேடு எழுதிப் பழகிய விரல்களுக்குக் கணினி அகப்படவில்லை. மாதந்தோறும் கணக்கெழுதக் கூலி கொடுத்து ஓர் ஆளை வைக்கவேண்டியதாயிற்று. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, கடைக்காரர்களின் பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் தந்தையார் எங்களை வயலிலிருந்து விடுவித்தது போல, அவர்களும் தம் மக்களைக் கல்லாவிலிருந்து விடுவித்தார்கள். இதில் யாரைக் குறை சொல்வது?

2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கஜா புயல் கரை கடந்தது. முந்திய நாள் மாலை அன்னையாரோடு பேசியதுதான். பிறகு செல்பேசி ஊமையாயிற்று. தொலைக்காட்சியில் வேரோடு சாய்ந்த தென்னந்தோப்புகளைக் காட்டிக்கொண்டேயிருந்தார்கள். எண்பத்தாறு வயதுத் தாய் ஓட்டு வீட்டில் தனியே. ஒரு நாள் முழுதும் எந்த எண்ணும் கிடைக்கவில்லை. இரண்டாம் நாள் இரவு, அறியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. தஞ்சைக்கு வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் பேசினார். “நீடாமங்கலம் மளிகைக் கடையில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். இந்த எண்ணில் பேசி, ‘பெரியம்மா எங்கள் வீட்டில் இருக்கிறார்கள், ஓடு மட்டும் போயிற்று’ என்று சொல்லச் சொன்னார்கள்” என்றார். அவ்வளவே. அந்தச் சீட்டில் எங்களுடையதைப் போல இன்னும் பதினோரு எண்கள் இருந்தன என்றும், ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டு வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டார்.

பின்னர் அறிந்தோம். மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் பெரிய அங்காடியின் கணினி இயங்கவில்லை; கதவு மூடிக் கிடந்தது. அண்ணன் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு கடையைத் திறந்திருந்தார். மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் அரிசியும் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். காசு இருந்தவர்கள் கொடுத்தார்கள். இல்லாதவர்கள் பெயரை எழுதினார். அந்த நோட்டில் தெருப் பெயர் பார்த்து எழுதவில்லை. சேரிக்காரர் பெயரும் எங்கள் தெருக்காரர் பெயரும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன. தம் தந்தையார் காலத்தில் இல்லாத அந்தப் பக்கத்தை அவர் எழுதினார் என்பதையும் இங்கே பதிவு செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம். 2020இல் நோய்த்தொற்றால் நாடு முடங்கியபோதும் அப்படியே நடந்தது. புயல் ஓய்ந்தது, நோய் தணிந்தது, மக்கள் மறுபடி அங்காடிக்குச் சென்றார்கள். நாங்களும் செல்பேசியில் சாமான் அனுப்புவதைத் தொடர்ந்தோம்.

அன்னையார் 2021இல் காலமானார். முதலாண்டுத் திதிக்கு 2022இல் ஊர் சென்றபோது எதிர்க்கடையில் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. மகன் பெங்களூரில் பணிபுரிகிறார். அங்கே அழைத்துச் செல்ல வந்திருந்தார். இடத்தை விலைக்குக் கொடுத்தாயிற்று. தராசும் படிக்கற்களும் சாக்கில் கட்டிக் கிடந்தன. அண்ணன் எங்களை உட்கார வைத்து, உள்ளே சென்று ஒரு நோட்டை எடுத்து வந்தார். “பெரியம்மா கணக்கு. பாக்கி ஒன்றும் இல்லை. உங்களிடம் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தேன்” என்றார்.

பிரித்துப் பார்த்தோம். கடைசி மூன்றாண்டுக் கணக்கு. துவரம்பருப்பு 50 கிராம். மறுநாள், மிளகு 10 ரூபாய்க்கு. அதற்கு மறுநாள், நெருப்புப் பெட்டி ஒன்று. அதற்கு மறுநாள், மீண்டும் பருப்பு 50 கிராம். ஒரு நாள் விடாமல் இருந்தது. எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் மாதந்தோறும் இரண்டு கிலோ பருப்பு அனுப்பிக்கொண்டிருந்தோம் அல்லவா? அடுக்களைப் பரணில் பிரிக்காத பெட்டிகளை நாங்கள் கண்டதும் உண்டு. மறதி என்று நினைத்திருந்தோம்.

“ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் பெரியம்மா, பையன் தினமும் அலையவேண்டாமே என்று ஒருமுறை நான்கூடச் சொல்லிவிட்டேன்” என்றார் அண்ணன். “பருப்பா எனக்குப் பெரிசு? பையன் வந்து, ‘ஆச்சி’ என்று கூப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அதற்குத்தான் ஐம்பது கிராம் என்று சொன்னார்கள். அப்புறம் நான் ஒன்றும் பேசவில்லை.”

நாங்களும் ஒன்றும் பேசவில்லை. கழற்றிய பலகைகளை வண்டியில் ஏற்றும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஊரை விட்டு வந்த நாம் திங்கள்தோறும் பணம் அனுப்பினோம், மருந்து அனுப்பினோம், பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பினோம். நம் பெற்றோர் வாங்கிக்கொண்டிருந்தது வேறு பொருள் என்பதை அறியாமலே அனுப்பினோம். அந்தப் பொருள் நிறுத்தலில் அகப்படாது, விலைச்சீட்டில் ஏறாது. அதைக் கொடுத்துக்கொண்டிருந்த கடைகளின் விற்பனையைத்தான் நம் அன்பளிப்புப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் குறைத்தன. தண்ணீரையும் வரியையும் எந்திரத்தையும் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் நம் பங்கு என்று ஒரு வரி இருக்கிறது. கணக்கு நேராக வேண்டுமானால் அந்த வரியையும் எழுதத்தான் வேண்டும்.

பழைய கடைத்தெரு அப்படியே திரும்பவேண்டும் என்று நாங்கள் விரும்பவில்லை. படியில் வைக்கப்பட்ட பொட்டலங்கள் திரும்ப வேண்டாம். தன் கையால் எடுத்துக்கொள்ளும் அந்த மூதாட்டியின் உரிமை நிலைக்கட்டும். ஆனால், ஊரில் இன்னும் பெற்றோரை வைத்திருக்கும் இளையவர்கள், அந்தத் தெருவில் எஞ்சியிருக்கும் ஒரு சிறு கடையின் பெயரையாவது அறிந்து வையுங்கள். அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது தஞ்சையிலோ திருச்சியிலோ காரை நிறுத்தாமல் நேரே சென்று, வேண்டிய சாமான்களை அங்கே வாங்குங்கள். சில ரூபாய் கூடுதலாகும். அதற்கு நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பது பின்னொரு நாள் விளங்கும்.

இப்பொழுது நாங்கள் இருவரும் தலைநகரில் தனியே இருக்கிறோம். மக்கள் இருவரும் வெளிநாட்டில். வாரந்தோறும் அவர்கள் செல்பேசி வழியாகப் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்புகிறார்கள். எங்கள் குடியிருப்பின் வாயிலருகே கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர் சிறு கடை வைத்திருக்கிறார். ஊரிலிருந்து திரும்பியது முதல், நாள்தோறும் காலையில் அவரிடம் சென்று ஏதேனும் ஒன்று வாங்குகிறோம்: ஒரு தீப்பெட்டி, ஓர் எலுமிச்சை, சிறிது இஞ்சி. சென்ற குளிர்காலத்தில் காய்ச்சலால் இரண்டு நாள் செல்லவில்லை. மூன்றாம் நாள் காலை கதவு மணி ஒலித்தது. திறந்தால், கையில் இஞ்சியோடு அவர் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தோம். பேச்சினிடையே, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டோம். தாயார் மட்டும் தனியே இருப்பதாகச் சொன்னார்.

“வீடு எங்கே?” என்று கேட்டோம்.

“கடைத்தெருவில்தான்” என்றார்.